எருது திரும்பும் இடம்

ஒரு நாளில் நான் வாய் திறந்து சொல்லும் முதல் சொல் எது என்று கவனிக்கத் தொடங்கியது அம்மா டொரொண்டோவுக்குப் போன பிறகுதான். அதற்கு முன் அப்படி ஒரு கேள்விக்கு இடமிருக்கவில்லை. மொன்றியலின் லாசால் பகுதியில் நாங்கள் இருந்த வீட்டில் விடிந்ததும் அம்மா குசினியிலிருந்து ஏதாவது கேட்பார். நான் பல் துலக்கியபடி ஏதாவது சொல்வேன். பிறகு அண்ணாவுக்குக் குழந்தை பிறந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா கொஞ்ச மாதங்களுக்கு என்று போனார். அவருடைய அறைக் கதவை நான் இன்னும் சாத்தித்தான் வைத்திருக்கிறேன். சூடாக்கியை அங்கே குறைத்து வைத்தால் மின்சாரம் மிச்சம் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் காரணம்.

அலுவலகம் போகும் நாளில் முதல் சொல் பஸ் சாரதிக்குச் சொல்லும் "பொன்ஜூர்". வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில், பால் முடிந்து, தெப்பனர் என்று இங்கே எல்லோரும் சொல்லும் தெருமுனைக் கடைக்குப் போனால் "மெர்சி". பால் முடியாவிட்டால் மாலை வரை ஒன்றுமில்லை. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வேறு மாதிரி. அந்த நாட்களில் காலை ஏழு மணிக்குச் சிம்பாப்வேயிலிருந்து அழைப்பு வரும். என் முதல் சொல் அப்போது ஷோனா மொழியில் இருக்கும்.

நான் படித்தது பயிர் விஞ்ஞானமும் புள்ளிவிவரமும். தென் ஆபிரிக்கப் பகுதி நாடுகளில் வரட்சியைத் தாங்கக்கூடிய பயறு வகைகளைத் தேடும் ஒரு திட்டத்துக்கு மொன்றியலில் சிறிய அலுவலகம் ஒன்று இருந்தது. வயல்கள் அங்கே, எண்கள் இங்கே. எந்த விதை எந்தப் பாத்தியில் விழவேண்டும் என்று குலுக்கிப் போட்டு வயலின் வரைபடத்தை அனுப்புவது, அங்கே அளப்பதை வாங்கிச் சரிபார்ப்பது, எந்த வகை தேறியது என்று கணக்குப் பார்த்துச் சொல்வது. இவைதான் என் வேலை. அம்மாவுக்கு இதைப் பலமுறை விளங்கப்படுத்தியிருக்கிறேன்.

"அப்ப நீ ஆபிரிக்காவுக்கே போகத் தேவையில்லையோ?"

"இல்லை அம்மா."

"கௌப்பி வளருறது அங்க. நீ இருக்கிறது லாசாலில. உன்ர சனம் இருக்கிறது டொரொண்டோவில. இதில நீ என்ன கணக்குப் பாக்கிறாய் எண்டு எனக்கு விளங்கேல்ல, பிள்ளை."

கௌப்பி என்பது எங்கள் வீட்டுச் சொல். எங்கள் திட்டத் தலைவர் தமிழ்நாட்டுக்காரர். நான் பிறப்பதற்கு முன்பே இங்கு வந்து பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அலுவலகத்தில் அதுவரை நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது நான் பெட்டியைத் திறக்க, அவர் எட்டிப் பார்த்து, "காராமணிக் குழம்பா?" என்றார். "இல்லை சேர், கௌப்பி" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அதாம்மா இது! வருஷக்கணக்கா ரெண்டு பேரும் ஒரே பயிரை வெச்சு மல்லாடுறோம். அது நம்ம ஊர்ல என்னன்னு இப்பதான் பேசிக்கிறோம்."

சிம்பாப்வேயில் அதன் பெயர் நியெம்பா. அதைச் சொல்லித் தந்தவர், காலை ஏழு மணிக்கு அழைப்பவர். அங்குள்ள ஒரு விவசாயக் கல்லூரியில் அவர் ஆசிரியை. டிப்ளோமா மாணவர்களுக்குப் பயிர்ச்செய்கை கற்பிப்பார். அவர்களை வைத்தே கல்லூரியின் பரிசோதனை வயலையும் நடத்துவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கவேண்டும். கேட்டதில்லை.

எங்கள் முதல் அழைப்பில் நான் வழக்கம்போல "மூன்று விடயங்கள் இருக்கின்றன" என்று தொடங்கினேன். ஒன்று, விதைப் பொதிகள் வந்து சேர்ந்தனவா. இரண்டு, மண் பரிசோதனை முடிவு. மூன்றாவதை எட்டுமுன் அவர் சிரித்துவிட்டார். நாங்கள் பேசியது ஆங்கிலம். ஆனால் நினைவில் அவர் ஏனோ எங்கள் வீட்டுத் தமிழில்தான் பேசுகிறார். அப்படியே எழுதுகிறேன்.

"பொறுங்கோ, பொறுங்கோ. நீங்கள் நித்திரையால எழும்பினீங்களோ இல்லையோ எண்டு முதல்ல எனக்குத் தெரியவேணும்."

"எழும்பிட்டன். அதாலதானே கதைக்கிறன்."

"அது அரைவாசிப் பதில்."

முழுப் பதில் இப்படி: அவர் "மராரா சேய்?" என்று கேட்பார். நன்றாக உறங்கினீர்களா என்பது அதன் பொருள். நான் "ந்தராரா கானா மராராவோ" என்று சொல்லவேண்டும். நீங்கள் நன்றாக உறங்கியிருந்தால் நானும் உறங்கினேன்.

"நீங்கள் நித்திரை கொள்ளாமல் விட்டிருந்தால்?"

"அப்ப நீங்களும் கொள்ளேல்ல. அதுக்குத்தானே கேக்கிறது."

எக்செலில் ஒரு கட்டத்தின் விடையை இன்னொரு கட்டத்தில் தேடச் சொல்லி, அந்தக் கட்டத்தின் விடையை மறுபடி முதல் கட்டத்திலேயே தேடச் சொன்னால், அது மறுத்துவிடும். வட்டமாகச் சுற்றுகிறது என்று எச்சரிக்கை காட்டும். இந்த முகமன் கணக்கில் நிற்காது என்று அவருக்கு விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கட கொம்பியூட்டருக்கு அயலட்டைச் சனம் இல்லைப்போல" என்றார்.

எனக்குக் காலை என்றால் அவருக்கு மதியம் தாண்டியிருக்கும். ஆகவே நாளடைவில் எங்களுக்கென்று ஒரு கலப்பு வடிவம் உண்டானது. அவர் என் இரவைக் கேட்பார், நான் அவர் பகலைக் கேட்பேன். "உங்கட பகல் நல்லாய்ப் போனால் என்ர இரவும் நல்லாய்ப் போனது." அது ஷோனாக்காரர் யாரும் சொல்லாத ஷோனா என்று அவருடைய மாணவர்கள் சிரிப்பார்களாம். அவர் என்னை "சிசி" என்றார். அங்கே தங்கையையும் தோழியையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எங்கள் மொழியில் மூத்தவளை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டு, "அக்கா" என்பதை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் என் மூன்று விடயங்கள். அவை எப்போதும் மூன்றாக நிற்பதில்லை. நான்காவதாக, மாணவர் விடுதிச் சமையலுக்கு யாரோ பரிசோதனைச் செடிகளின் இளம் இலைகளை ஆய்ந்துகொண்டு போன கதை வரும். அங்கே அந்த இலையையும் கறியாக்குவார்கள். "பூச்சிச் சேதத்துக்கு ஒண்டில இருந்து ஒன்பது வரைக்கும் புள்ளி போடச் சொன்னீங்கள். மாணவர் சேதத்துக்கு எத்தினை போட?" என்பார். நான் அதற்குத் தனியாக ஒரு நிரல் சேர்த்தேன். அது கடைசி வரை அட்டவணையில் இருந்தது.

அவருக்கு இந்த வயல் வெறும் வேலை மட்டுமல்ல. அவர் பகுதிநேரமாக முதுமாணிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். அவருடைய ஆய்வே இந்த வயல்தான். கல்லூரியில் அவர் தற்காலிக ஆசிரியை. பட்டம் முடிந்தால் நிரந்தரமாக்குவார்கள், முடியாவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருவர் வருவார். முந்தைய பருவம் மழையில்லாமல் கருகிப்போனது. திட்டத்துக்கான நிதி இந்த வருடத்தோடு முடிகிறது. ஆகவே இந்த மழைக்காலம்தான் அவருக்குக் கடைசி. இதை அவர் ஒருமுறைதான் சொன்னார், அதுவும் மழை பற்றிப் பேசுவதுபோல.

பெப்ரவரியில் பூக்கத் தொடங்கியபோது எண்கள் பிசகத் தொடங்கின.

இதற்கு ஒரு சிறு விளக்கம் வேண்டும். விதைகள் அங்கே போகும்போது பெயர் இருக்காது, பாத்திக்கொரு பொதி, அதில் அந்தப் பாத்தியின் எண் மட்டும்தான் இருக்கும். எந்தப் பொதியில் எந்த வகை என்பது மொன்றியலில் எனக்கு மட்டும் தெரியும். பார்ப்பவருக்கு எந்த வகை மேலும் விருப்பு வெறுப்பு வராமலிருக்க அப்படி ஓர் ஏற்பாடு. ஒவ்வொரு வகையையும் வயலின் வெவ்வேறு இடங்களில் சில பாத்திகளில் விதைப்போம். ஒரே வகை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளவேண்டும். நடந்துகொள்ளவில்லை. தலைவர் திரையில் என் வரைபுகளைப் பார்த்துக்கொண்டே போனார்.

"இதைப் பாரும்மா. ஒரே வகை. இங்க சீக்கிரம் பூக்குது, அங்க ரொம்பத் தள்ளிப் பூக்குது. இங்க படருது, அங்க நிமிர்ந்து நிக்குது. செடிக்கு என்ன, மூடு மாறுமா?"

"சில பாத்தியள் சரியாத்தான் இருக்கு, சேர்."

"அதான் சொல்றேன். கொஞ்சம் சரி, கொஞ்சம் தப்பு. விதையைக் கலந்துட்டாங்க. பசங்க நட்டது. பொட்டலத்தைக் கீழ போட்டு அள்ளியிருப்பான் ஒருத்தன்."

"அப்ப அவவின்ர பட்டம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதரல்ல. "வருத்தம்தான். ஆனா தப்பான டேட்டாவை வெச்சு ஒரு பொண்ணு பட்டம் வாங்கி, நாளைக்கு அந்த விதையை விவசாயி வாங்கி நட்டா? வெள்ளிக்கிழமை மீட்டிங்ல முடிச்சிடலாம். நீ ஒரு பாரா எழுதிக் கொண்டு வா."

அந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தேன். நிலையத்தில் விதைப்பின்போது விதைகள் கலந்திருக்கலாம் என்பதால் இப்பருவத் தரவுகள் பயன்படுத்தத் தக்கவையல்ல. ஒரு வாக்கியம். அது எங்கெல்லாம் போகும் என்று யோசித்தேன். திட்ட அறிக்கைக்கு, கல்லூரி அதிபருக்கு, அவருடைய ஆய்வு மேற்பார்வையாளருக்கு. யாருடைய பெயரும் இல்லாத அந்த வாக்கியத்தில் "நிலையம்" என்றால் அவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. வெளியே மார்ச் மாதத்து அழுக்குப் பனி, வாகனத் தரிப்பிடத்தில் இன்னும் கரையாமல் மலைபோல் கிடந்தது. இரண்டாவது வாக்கியம் வரவில்லை. செவ்வாய், வெள்ளி அழைப்புகளும் இதோடு நின்றுவிடும் என்ற எண்ணமும் வந்தது. அது முதலில் வந்ததா பிறகு வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

கூட்டம் வெள்ளி முற்பகல். அன்று ஏழு மணிக்கு அழைப்பு வந்தது. முகமன்கள் முடிந்தன. அவர் பகல் நன்றாகப் போனது, என் இரவும் நன்றாகப் போனது, இரண்டாவது உண்மையில்லை. பிறகு நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: எண்கள் சொல்வதை, தலைவர் சொல்வதை, கூட்டம் இன்று என்பதை.

 பின்னால் மாணவர்கள் யாரோ கூப்பிட்டுச் சிரிப்பது கேட்டது.

"என்ர பிள்ளையள் கலக்கேல்ல, சிசி."

"தெரியும் அக்கா."

"உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அங்க இருக்கிறீங்கள். எனக்குத் தெரியும். பொதி ஒவ்வொண்டையும் நான்தான் வரிசையாய் எடுத்துக் கையில குடுத்தனான். ஒரு பொதி முடிஞ்சாப் பிறகுதான் அடுத்தது."

"அப்ப நடவுங்கோ. முதலாம் பாத்தியில இருந்து நடவுங்கோ. நானும் கூட வாறன்."

அவர் தொலைபேசியின் கமெராவைத் தரைக்குத் திருப்பிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். நான் மேசையில் வரைபடத்தை விரித்து, முதல் கட்டத்தில் விரலை வைத்தேன். திரையில் செம்மண், வெளிறத் தொடங்கிய இலைகள், முற்றிய காய்கள், எண் எழுதிய குச்சிகள். ஒவ்வொரு வரிசைக்கும் பதினொரு பாத்தி. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் நடக்க நடக்க என் விரலும் இடமிருந்து வலமாகப் போனது. பதினொன்றில் வரிசை முடிந்தது. நான் விரலைத் தூக்கி, அடுத்த வரியின் இடப்பக்கத் தொடக்கத்தில், பன்னிரண்டில் வைத்தேன். திரையில் இருபத்திரண்டு என்ற குச்சி தெரிந்தது.

"அக்கா, பன்னிரண்டுக்குப் போங்கோ."

"போய்க்கொண்டுதானே இருக்கிறன்."

"இல்லை, நீங்கள் இருபத்திரண்டில நிக்கிறீங்கள்."

"ஓம். அடுத்த வரிசை இதிலதானே தொடங்குது. இப்பிடியே நடந்து பன்னிரண்டுக்குப் போவன்."

"ஏன் அந்தப் பக்கத்தால தொடங்குறீங்கள்?"

"இந்தப் பக்கந்தானே நிக்கிறன்!" அவர் குரலில் முதல்முறையாக எரிச்சல். "வெறுங்கையோட அந்தத் தொங்கலுக்குத் திரும்ப நடந்து போய்த் தொடங்க எனக்கென்ன விசரோ? உழுகிற எருதுகூட அப்பிடிச் செய்யாது. வரப்பில திரும்பி, பக்கத்துச் சாலால வரும்."

நான் விரலை எடுக்கவில்லை.

"அக்கா. விதைச்ச அண்டைக்கும் இப்பிடித்தான் நடந்தனீங்களோ?"

"எண்டைக்கும் இப்பிடித்தான்."

"குச்சி ஊன்றின அண்டைக்கு?"

"குச்சி பிந்தித்தானே வந்தது. மழை வந்திட்டுது, காத்திருக்க ஏலாமல் விதைச்சுப் போட்டம். ஊன்றின அண்டைக்கு நான் பரீட்சை மண்டபத்தில நிண்டனான். பிள்ளையள் உங்கட படத்தைப் பாத்து..."

அவர் நிறுத்தினார். படம் ஆடாமல் நின்றது. ஒரு வெட்டுக்கிளி இருபத்திரண்டாவது குச்சியில் வந்து உட்கார்ந்து, பிறகு போனது.

விதை, கால் நடந்தபடி போய்த் திரும்பி வந்து விழுந்திருக்கிறது. எண்கள், கண் வாசித்தபடி எல்லா வரிசையிலும் இடமிருந்து வலமாக ஊன்றப்பட்டிருக்கின்றன. முதல் வரிசை சரி. இரண்டாவது தலைகீழ். மூன்றாவது சரி. ஒரே வகைக்குரிய பாத்திகள் வரிசைகளில் சிதறிக் கிடந்ததால், வகைவாரியாகக் கூட்டிப் பார்த்த எனக்கு அது கலப்பாகத் தெரிந்தது. நான் அந்த வயலில் ஒருநாளும் நடந்ததில்லை. அவருக்கு எந்தப் பொதியில் எந்த வகை என்று தெரியாது. ஆளுக்குப் பாதி.

"நிறம்" என்றேன். "காய் முத்தினதுதானே. பதினாலாவது குச்சியில ஒரு காயை உடைச்சுப் பாருங்கோ. இருபதாவதில ஒண்டு. நடுவில இருக்கிற பதினேழிலயும் ஒண்டு."

"என்ன நிறம் வரவேணும்?"

"சொல்லமாட்டன். நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ."

"அட, இப்பவும் சோதனை வைக்கிறீங்கள்!" என்று அவர் சிரித்தபடி குனிந்தார். படம் இலைக்குள் புகுந்தது. அதோடு நின்றுபோனது. அங்கே அடிக்கடி மின்சாரம் போகும்; மின்சாரம் போனால் கொஞ்சத்தில் தொலைபேசிக் கோபுரமும் போய்விடும். திரும்ப அழைத்தேன். மணி போகவே இல்லை.

கூட்டத்துக்குப் போகவேண்டும். பூட்ஸை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். சாரதிக்கு "பொன்ஜூர்" சொன்னது நினைவிருக்கிறது. அன்று அது முதல் சொல் அல்ல. ஆங்கிரிஞோன் நிலையத்தில் மெட்ரோ ஏறி உட்கார்ந்து, வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டேன். பதினாலாவது பாத்தியில் என் அட்டவணைப்படி வெள்ளை விதை இருக்கவேண்டும். வரிசை தலைகீழானால் அங்கே இருபதாம் பொதி விழுந்திருக்கும். அது கடும் சிவப்பு. இருபதில் வெள்ளை இருக்கும். நடுவில் உள்ள பதினேழு மட்டும் எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் பதினேழுதான். அதில் மாற்றம் இருக்கக்கூடாது: கறுப்புக் கண் வைத்த வெளிர் விதை. இவை மூன்றும் ஒத்து வராவிட்டால் கைப்பையிலிருக்கும் ஒற்றை வாக்கியத்தைக் கொடுக்கவேண்டும்.

சில நிலையங்கள் கடந்தன. யாரும் யாரையும் பார்க்காமல் இருக்கும் காலை நேரத்து மெட்ரோ. தொலைபேசி மடியில் அதிர்ந்தது. மூன்று படங்கள். எழுத்து எதுவும் இல்லை. ஒவ்வொன்றிலும் மண் ஒட்டிய அதே உள்ளங்கை, பின்னால் குச்சியின் எண். பதினாலில் சிவப்பு. இருபதில் வெள்ளை. பதினேழில் கறுப்புக் கண்.

எனக்குப் பக்கத்திலிருந்த பெண்ணின் மடியில், கார்தெரி எனும் குழந்தைகள் காப்பகத்துக்குப் போகும் வயதில் ஒரு குழந்தை. அது என் திரையை எட்டிப் பார்த்து, "போன்போன்?" என்று கேட்டது. மிட்டாய் என்று நினைத்துவிட்டது. தாய் "ஷ்ஷ்" என்று அதன் தலையைத் திருப்பினாள். நான் பிரெஞ்சில், இல்லை, விதைகள் என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. தாய் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, குழந்தையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தப் பெட்டி முழுக்க ஆட்கள். சொல்ல ஒருவரும் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சின்னதாக்கிப் பார்த்தேன். இறங்கவேண்டிய நிலையத்தில் இறங்கினேன்.

கூட்டத்தில் வாக்கியத்தைக் கொடுக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, ஒன்றுவிட்டு ஒரு வரிசையைத் தலைகீழாகத் திருப்பி, வரைபுகளை மறுபடி ஓடவிட்டேன். சிதறிக் கிடந்த புள்ளிகள் வகை வகையாக ஒன்றுசேர்ந்தன. தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"அட! மாடு கணக்கா நடந்திருக்காங்க!"

"மாடு சரியாத்தான் நடந்தது, சேர்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "யாரும்மா கண்டுபிடிச்சது?"

"அவ நடந்தா. நான் பாத்தன்."

"சரி, எல்லா வரிசையிலும் இன்னும் கொஞ்சம் காயை உடைச்சுப் பாத்துட்டு வெச்சுக்கலாம். அந்த பாராவைத் தூக்கிப் போடு. அடுத்த தடவை வரைபடத்துல அம்புக்குறி போட்டுடணும், எந்தப் பக்கம் நடக்கணும்னு."

"அடுத்த தடவை இல்லையே, சேர்."

அவர் "ஆமாம்ல" என்று சொல்லி, கண்ணாடியைத் தேடினார். அது அவர் நெற்றியில்தான் இருந்தது.

அறுவடை முடிந்தது. எல்லா வரிசைகளிலும் நிறங்கள் ஒத்துப்போயின. கோடை முழுக்க அவர் எழுதினார், நான் அட்டவணைகளைச் செய்து கொடுத்தேன். செவ்வாய், வெள்ளி இரண்டும் வெள்ளி மட்டுமாயின. இலையுதிர் காலத் தொடக்கத்தில் அலுவலகத்தை மூடினோம். தலைவர் தன் கோப்பையையும் ஒரு பூச்சட்டியையும் எடுத்துக்கொண்டு லவாலில் இருந்த தன் வீட்டுக்குப் போனார். கடைசி அழைப்பில் ஆசிரியையும் நானும் தொடர்ந்து பேசுவதாகத்தான் சொல்லிக்கொண்டோம். பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்க மூன்று விடயங்கள் இல்லாமல் எப்படி ஒருவரை அழைப்பது என்று தெரியவில்லை. அவருக்கு எழுத்து வேலை, பரீட்சைத் தாள்கள், வீடு. தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தேன். அவரும் அப்படி நினைத்திருக்கக்கூடும். ஆளுக்குப் பாதி நினைத்துக்கொண்டால் முழுதாக ஒன்றும் நடக்காது.

எனக்கு வேறு வேலை கிடைத்தது. கிடங்குகளின் கையிருப்பு எண்களைச் சரிபார்ப்பது, முழுக்க வீட்டிலிருந்து. அங்கே எல்லோரும் எழுதித்தான் பேசிக்கொள்வார்கள். முதல் சொல் பிந்திப் பிந்திப் போனது. ஒருநாள் இருட்டிய பிறகு தெப்பனரில் "மெர்சி" என்று சொன்னபோது தொண்டை கரகரத்தது. கடைக்காரர் தடிமனா என்று விசாரித்தார். ஆம் என்றேன்.

நவம்பரில் ஒரு காலை, முதல் பனி விழுந்து பஸ்கள் தடுமாறிய நாள், செய்தி வந்தது. முதல் வரி: மராரா சேய். இரண்டாவது வரி: சிசி, வாய்மொழிப் பரீட்சை முடிந்தது, தேறிவிட்டேன், கல்லூரியில் நியமனக் கடிதம் தந்துவிட்டார்கள். மூன்றாவதாக ஒரு படம்: வயலின் ஓரத்தில் மாணவர்கள், நடுவில் பட்டு உடுப்பில் ஒரு பெண். அவருடைய கையைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்; முகத்தை இவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான்.

வாழ்த்து என்று தட்டச்சு செய்தேன். அழித்தேன். முதல் வரிக்கு முதலில் பதில் சொல்லவேண்டும். உங்கள் பகல் நன்றாகப் போனால் என் இரவும் நன்றாகப் போனது என்று எழுதினேன்; அதன் கீழே வாழ்த்தை எழுதி அனுப்பினேன். செய்தி போய்ச் சேரவில்லை என்று காட்டும் ஒற்றைக் குறி மட்டும் விழுந்தது. அங்கே மின்சாரம் போயிருக்கவேண்டும். காத்திருந்தேன். ஒற்றைக் குறியாகவே இருந்தது. எழுந்து வீட்டுக்குள் நடந்தேன். அம்மாவின் அறை வரை போய்த் திரும்பி வந்தேன். யாரிடமாவது வாயால் சொல்லவேண்டும்போல் இருந்தது. அம்மாவுக்கு எடுத்தேன்.

"என்ன பிள்ளை, விடியக்காலமை? வருத்தம் ஏதுமோ?"

"இல்லை அம்மா. அந்த ஆபிரிக்கா அக்கா பாஸ் பண்ணிட்டா."

"ஆர், அந்தக் கௌப்பிப் பிள்ளையோ? நல்லது, நல்லது. அவவுக்கு வேலை நிரந்தரமாகுமெண்டெல்லோ சொன்னனீ?" அம்மாவுக்கு அது நினைவிருந்தது எனக்கு வியப்பு. பிறகு அம்மா எப்போதும் கேட்பதைக் கேட்டார். "சாப்பிட்டியோ?"

அதற்கு என்னிடம் எப்போதும் ஒரே பதில்தான், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். அன்று வாயில் வேறொன்று வந்தது.

"நீங்கள் சாப்பிட்டிருந்தா நானும் சாப்பிட்டன்."

"என்ன விசர்க்கதை இது?"

"சொல்லுங்கோவன்."

அந்தப் பக்கம் குழந்தையின் கார்ட்டூன் சத்தம் கேட்டது. அண்ணாவும் அண்ணியும் வேலைக்குப் போயிருப்பார்கள்.

"இவனுக்குத் தீத்தி முடிக்கவே நேரம் போயிட்டுது. நான் இன்னும் ஒண்டும் வாயில வைக்கேல்ல."

"அப்ப நானும் சாப்பிடேல்ல."

"நேற்று இரவு?"

"நீங்கள்?"

அந்தப் பக்கம் கார்ட்டூன் சத்தம் குறைந்தது. "பாண் துண்டொண்டு கடிச்சனான்."

"நானும் பாண்தான்."

நாங்கள் இருவரும் இவ்வளவு காலம் ஒருவருக்கொருவர் சொல்லிவந்த "சாப்பிட்டன்" எல்லாம் தொலைபேசிக் கம்பியின் இரு முனையிலும் தொங்கிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அம்மா மூக்கை உறிஞ்சினார், தடிமன் என்றார். நான் ஓம் என்றேன்.

"போனை வையாதை. நான் புட்டுக்குத் தண்ணி வைக்கிறன். மா இருக்குதோ உன்னட்ட?"

"இருக்கும்."

"இருக்கும் எண்டால் என்ன? போய்ப் பார்."

மா இருந்தது. தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அடுப்பருகே வைத்தேன். அங்கே அம்மாவின் அடுப்பு டிக் டிக் என்று பற்றும் சத்தம் கேட்டது. இங்கே நான் என்னுடையதைத் திருகினேன். தண்ணீர் கொதிக்கும்வரை நாங்கள் ஒன்றும் பேசவில்லை.